எல்லோருக்கும் அரிசியா, சிலருக்கு மட்டுமா, கணக்கில் பணமா?

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது கேட்டுவிடுவார்: “கார் வெச்சிருக்கிறவனுக்கு எதுக்குங்க இலவச அரிசி?” பக்கத்தில் இருப்பவர், “அரிசியே வேண்டாம். அந்தக் காசை பேங்க்ல போட்டுட்டா கடத்தலும் இருக்காது, கடையும் தேவையில்ல” என்பார். இரண்டையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மாநில அரசின் உணவு மானியச் செலவு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பணம் சரியான வழியில் போகிறதா என்று கேட்பது நியாயம்தான்.

ஆக, முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்போது போல எல்லோருக்கும் அரிசி. ஏழைகளை மட்டும் பிரித்தெடுத்து அவர்களுக்கு அரிசி. அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம். எது நல்லது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்து, பலன் தெரிந்தவை. இரண்டாவதைத் தமிழ்நாடே ஒருமுறை முயன்று கைவிட்டது. மூன்றாவது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில் நடந்தது.

நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும் தவறு நடக்கும். தகுதி இல்லாதவருக்குப் போகும், தகுதி உள்ளவருக்குப் போகாது, நடுவில் யாராவது சுருட்டுவார்கள். தவறே இல்லாத திட்டத்தைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தவறு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

இப்போது இருப்பது

1997 ஜூனில் மத்திய அரசு ரேஷன் முறையை மாற்றியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்றது. பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. தமிழ்நாடு மறுத்துவிட்டது. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற முழக்கத்தோடு 1967இல் ஆட்சி மாறிய மாநிலத்தில் அரிசியைப் பறிக்கத் துணிவது எந்தக் கட்சிக்கும் எளிதல்ல. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் இலவசம். இடையில் 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்து துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன.

இன்று 2.2 கோடிக்கு மேல் அட்டைகள், சுமார் 37,000 கடைகள். பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. சிலவற்றை நுகர்பொருள் வாணிபக் கழகமே நடத்துகிறது. வட இந்தியாவில் பல இடங்களில் இருப்பது போலத் தனியார் டீலர் கிடையாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் டீலர் என்றால் உரிமம் வாங்க ஒரு செலவு, அதை எடுக்க ஒரு வழி என்று கணக்கு அங்கேயே தொடங்கிவிடும். சங்கத்துச் சம்பளம் வாங்கும் விற்பனையாளரும் தப்பு செய்யலாம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு முதலீடு அழுத்திக்கொண்டிருக்காது.

பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து 2011-12க்கான கசிவைக் கணக்கிட்டார்கள். கிடங்கிலிருந்து கிளம்பிய தானியத்தில் வீட்டுக்கு வந்து சேராதது எவ்வளவு என்பதுதான் கணக்கு. இந்திய அளவில் 42 சதவீதத்தை ஒட்டி வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 12. எல்லோருக்கும் கொடுத்தால் கொள்ளை போகும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. கடைக்கு ஆசிரியரும் வருகிறார், ஆட்டோ ஓட்டுபவரும் வருகிறார். “ஏன் பருப்பு வரல?” என்று சத்தம் போடும் ஆள் வரிசையில் எப்போதும் ஒருவராவது இருப்பார். ஏழைகள் மட்டுமே வரும் கடையில் அந்தச் சத்தம் குறைந்துவிடும். கேரளத்தில் அதுதான் நடந்தது. ஒரு காலத்தில் எல்லோருக்கும் ரேஷன் கொடுத்த மாநிலம். 1997க்குப் பிறகு பிரித்தபோது வசதியான குடும்பங்கள் விலகின, கடைகளில் வியாபாரம் படுத்தது, கடை நடத்துவதே கட்டுப்படியாகாத நிலை வந்தது.

சரி, 12 சதவீதம் எங்கே போனது? கடைக்கே போகாத குடும்பங்களின் பெயரில் பில் போடுவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரிசி வாங்காத வீட்டுக்கு ‘உங்கள் அட்டைக்கு அரிசி வழங்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும். அப்படி ஒதுங்கிய மூட்டைகளும், வாங்கி வெளியே விற்கப்படுபவையும் சேர்ந்துதான் லாரியில் எல்லை தாண்டுகின்றன. மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகின்றன. இதைப் பிடிக்கவே குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது.

கவனித்தால், கசிவின் ஊற்றுக்கண் அரிசி வேண்டாத அட்டைகள்தான். இந்த வழியின் உண்மையான பலவீனம் பணக்காரர் அரிசி வாங்குவதில் இல்லை. அவர் வாங்காமல், அட்டையை மட்டும் அரிசி அட்டையாகவே வைத்திருப்பதில் இருக்கிறது. ‘ரேஷன் அரிசி இட்லிக்குத்தான் சரி’ என்று சொல்லும் வீடுகளில் கூடப் பல, மாதம் முழுக்கத் தேவையான அளவை எடுப்பதில்லை. தரமும் வரிசையும் சேர்ந்து ஓரளவுக்குத் தானாகவே ஆட்களைப் பிரித்துவிடுகின்றன. அதை முறைப்படுத்தத்தான் அரிசிக்குப் பதில் சர்க்கரை வாங்கும் சர்க்கரை அட்டை, எந்தப் பொருளும் வாங்காத அட்டை என்ற வகைகள் இருக்கின்றன.

அந்த ஏற்பாட்டை அரசே குலைத்தது. பொங்கல் பரிசுத் தொகை அரிசி அட்டைக்குத்தான் என்று ஆனது. 2019 நவம்பரில் சர்க்கரை அட்டைகளை அரிசி அட்டைகளாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அப்போது சர்க்கரை அட்டைகள் சுமார் பத்து லட்சம். வேண்டாம் என்று தாமாகவே ஒதுங்கியிருந்தவர்களை ஒரு பண்டிகைத் தொகை திரும்ப இழுத்துவிட்டது. அரிசிக்கும் பொங்கல் பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டையும் ஒரே அட்டையில் மாட்டியதுதான் வினை.

ஆக, இந்த வழியில் தவறு விழுவது கஜானாவின் தலையில். வசதியானவரின் பங்கு வீணாகிறது, கடத்தல்காரன் கொஞ்சம் தின்கிறான், வரி கட்டுகிறவர் பணம் போகிறது. ஆனால் அரிசி தேவைப்படும் வீட்டுக்கு அது கிடைத்துவிடுகிறது.

பிரித்துக் கொடுப்பது

தமிழ்நாடு இதை முயலாமல் இல்லை. 2000களின் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ என்று குறித்தார்கள். எச் கார்டுக்கு அரிசி கிடையாது. நிதி நெருக்கடி அப்போது உண்மையிலேயே இருந்தது. அதிகாரிகள் போட்ட கணக்கும் தப்பில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் அதிமுக இருந்த கூட்டணி 39 தொகுதிகளையும் இழந்தது. முடிவு வந்த சில நாட்களில் எச் கார்டு போய்விட்டது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் இல்லை. ஆனால் முதலில் திரும்பப் பெறப்பட்டவற்றில் அதுவும் ஒன்று என்பதைப் பார்த்தாலே எங்கே சுட்டது என்று தெரியும்.

ஐயாயிரத்து நூறு ரூபாய் சம்பளம் வாங்குகிறவர் பணக்காரரா? நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வாங்குகிறவருக்கும் அவருக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம்? அரசு ஊழியரின் சம்பளம் ரசீதில் தெரியும். கடை வைத்திருப்பவரின் வருமானம் யாருக்கும் தெரியாது. வருமானத்தை வைத்துப் பிரித்தால், மறைக்க முடியாதவர் மாட்டுவார், மறைக்க முடிந்தவர் தப்புவார். அந்த அளவுகோலோடே பிறந்த கோளாறு இது. அதிகாரிகள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் போகாது.

நாட்டளவில் என்ன ஆனது என்பதைத் திட்டக் குழுவின் மதிப்பீட்டு அமைப்பு 2005இல் எழுதியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிய தானியத்தில் சுமார் 58 சதவீதம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்களை அடையாளம் காண்பதில் பிழை, திருட்டு என்று காரணங்கள். ஏழைக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கிய முறையில் பாதிக்கு மேல் ஏழைக்குப் போகவில்லை!

சத்தீஸ்கர் இதைப் பார்த்து எதிர்த் திசையில் நடந்தது. 2004இல் கடைகளைத் தனியார் டீலர்களிடமிருந்து பிடுங்கிப் பஞ்சாயத்துகள், கூட்டுறவுகள், மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. பிறகு பயனாளிகளின் எண்ணிக்கையை விரித்தது. த்ரேஸும் கேராவும் போட்ட அதே கசிவுக் கணக்கில், 2004-05இல் பாதிக்கு மேல் கசிந்த மாநிலம் 2011-12இல் பத்து சதவீதத்துக்குக் கீழே வந்தது.

2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் தாராளமானது. கிராமத்தில் 75 சதவீதம் பேர் வரை, நகரத்தில் 50 சதவீதம் பேர் வரை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் உச்சவரம்பு வேறு. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது மக்கள்தொகையில் 50.55 சதவீதம். தமிழ்நாடு சேரத் தயங்கிக்கொண்டே இருந்தது. 2016இல் டெல்லி அழுத்தியது: சட்டத்தை அமலாக்காவிட்டால், வறுமைக் கோட்டுக்கு மேலுள்ளோருக்கென்று கிலோ 8.30 ரூபாய்க்குத் தந்த அரிசியை இனி 22.54 ரூபாய்க்குத்தான் தருவோம் என்றது. நவம்பர் 1 அன்று தமிழ்நாடு சேர்ந்தது.

சேர்ந்த விதம்தான் ருசியானது. முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்று அட்டையில் குறித்துக்கொண்டார்கள். கடையில் இரண்டுக்கும் அரிசி உண்டு. முன்னுரிமைக் குடும்பத்தின் அரிசிக்கு மத்திய மானியம். மற்றவர்களின் அரிசிக்கு மாநிலம் கைப்பணம் போடும். பிரித்தல் கோப்பில் உண்டு, எடைத் தராசில் இல்லை. கொள்கையை நடைமுறைப்படுத்துவது என்று பாடப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சட்டத்தின் எழுத்தையும் தன் வழக்கத்தையும் ஒன்றாகக் காப்பாற்றிய இந்த வேலையை அங்கே சேர்க்கலாம். 2017 ஜூலையில் அரசிதழில் வந்த விதிகளில், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆண்டு வருமானம், கார், ஏசி என்று தகுதி நீக்கப் பட்டியல் இருந்ததும் ஊரே கொந்தளித்தது. அரிசி எல்லோருக்கும் தொடரும் என்று அமைச்சர் விளக்கம் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

பிரிப்பதில் இன்னொரு சிக்கல், பட்டியல் கிழடாவது. உணவுச் சட்டத்தின் எண்ணிக்கை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிற்கிறது. அதன்பின் பிறந்த குழந்தை, புதிதாகத் திருமணமாகித் தனிக்குடித்தனம் போன ஜோடி, கொரோனாவில் வேலை இழந்தவர் என்று வாழ்க்கை நகர்ந்துகொண்டே இருக்கும். பட்டியல் நகராது.

இதை வைத்து, வடிகட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட வயதைக் கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் இது. ஆந்திரா 2021இல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வேன்களை இறக்கி எல்லோருக்கும் வீட்டு வாசலில் கொடுக்கப் பார்த்தது. 2025 ஜூனில் கைவிட்டுக் கடைக்கே திரும்பியது, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டு விநியோகத்தை வைத்துக்கொண்டது. இங்கே வடிகட்டிதான் சரி. ஏனென்றால் வயது அட்டையிலேயே இருக்கிறது. யாரும் விண்ணப்பம் எழுத வேண்டாம், விஏஓவிடம் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிரிக்கலாம். வருமானம் கண்ணுக்குத் தெரியாது.

மகளிர் உரிமைத் தொகை இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி, தேர்வானவர்கள் 1.06 கோடியை ஒட்டி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட், நன்செய் ஐந்து ஏக்கர், கார் என்று அளவுகோல்கள். இதில் வருமானத்தைச் சரிபார்ப்பது கடினம், மீட்டரைப் பார்ப்பது எளிது. ஆனால் ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்தால்? நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள், ஒரு பகுதியினர் பிறகு சேர்க்கப்பட்டார்கள். வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைந்தது யார் என்று கேட்டால், தவறு யார் தலையில் விழுந்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். வடிகட்டுவதில் நேரும் பிழையின் விலையை, நிரூபிக்க வேண்டியவரே கட்டுகிறார்.

ஒரு வேடிக்கை: பணமாகக் கொடுக்கும் இந்தத் திட்டத்துக்கு டோக்கனும் விண்ணப்பமும் வீடு வீடாகப் போனது ரேஷன் கடை ஊழியர்கள் வழியாக. முகாம்கள் நடந்ததும் ரேஷன் கடை வாரியாக. கடை இல்லாமல் போயிருந்தால் அந்த வேலையை எந்தத் துறை செய்திருக்கும் என்று தெரியவில்லை.

கணக்கில் பணம்

பணத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, மூட்டை கட்டி, கிடங்கில் வைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு மிச்சம். நடுவில் திருட ஒன்றுமில்லை. அரிசி வேண்டாதவர் பருப்போ முட்டையோ வாங்கலாம். சர்க்கரை நோயாளிக்கு மாதம் இருபது கிலோ அரிசியால் என்ன பயன்? இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015 ஜனவரியில் இதைத்தான் பரிந்துரைத்தது. கூடவே, உணவுச் சட்டம் 67 சதவீதம் பேருக்குத் தருவதை 40 சதவீதமாகக் குறைக்கவும் சொன்னது. பணத்தைக் குடித்தே அழித்துவிடுவார்கள் என்ற எதிர்வாதம் எனக்குப் பிடிக்காது. ஏழைக்குத் தன் காசைச் செலவழிக்கத் தெரியாது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை.

2015 செப்டம்பரில் சண்டிகரும் புதுச்சேரியும் தொடங்கின. பணத் திட்டத்துக்கு இதைவிடத் தோதான இடங்கள் இந்தியாவில் குறைவு. சின்ன ஊர்கள், நடக்கும் தூரத்தில் வங்கி, தெருவுக்கு ஒரு மளிகைக் கடை. நிதி ஆயோக்குக்காக ஜெ-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு அமைப்பு வழியே கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அரசுப் பதிவேட்டில் 99 சதவீதப் பரிமாற்றங்கள் வெற்றி. வீட்டில் போய்க் கேட்டால் சுமார் ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார். எல்லோருக்கும் உண்மையிலேயே வராமல் போயிருக்காது. எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரியாமல் இருக்கலாம், பாஸ்புக் போடாமல் இருக்கலாம். ஆனால் வந்தது என்றே தெரியாத பணத்தில் யார் அரிசி வாங்குவார்? கொடுத்த தொகைக்கு அதே அளவு தானியம் வெளிச்சந்தையில் கிடைக்கவில்லை. கைக்காசு சேர்த்துத்தான் வாங்கினார்கள். நாளாக நாளாக நடைமுறை சீராகி, பணத்தை விரும்புகிறவர்கள் கூடினார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

தொகை ஏன் போதவில்லை என்பது விதியிலேயே இருக்கிறது. மத்திய விதிப்படி தொகை, குறைந்தபட்ச ஆதார விலையின் 1.25 மடங்கிலிருந்து கணக்காகிறது. ஆதார விலை என்பது விவசாயிக்குத் தரும் விலை. புதுச்சேரிப் பெண் வாங்குவது மளிகைக் கடை விலைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மில், லாரி, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எல்லோரும் இருக்கிறார்கள்.

புதுச்சேரியின் சொந்த இலவச அரிசித் திட்டமும் பணமாக மாறியது. சிவப்பு அட்டைக்கு மாதம் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 300. அரிசிதான் கொடுப்போம் என்றார் முதல்வர் நாராயணசாமி; பணம்தான் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020இல் பணத்துக்குச் சாதகமாக முடிந்தது. ரேஷன் கடைகள் பூட்டியே கிடந்தன, ஊழியர்கள் சம்பளத்துக்குப் போராடினார்கள். தேர்தல் தோறும் ‘கடையைத் திற’ என்ற குரல் கேட்டது. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி, ரங்கசாமி அரசு கடைகளைத் திறந்து அரிசியும் சர்க்கரையும் கொடுத்தது. 600 ரூபாயை நிறுத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை, கவனிக்க வேண்டும். கடையும் வேண்டும் என்றார்கள். அரிசி விலை ஏறிக்கொண்டே போகும்போது 600 ரூபாய் 600 ரூபாயாகவே நிற்கும். இருபது கிலோ மூட்டை எந்த விலையிலும் இருபது கிலோதான்.

ஜார்க்கண்டின் நாக்ரி வட்டாரத்தில் நடந்தது இன்னும் மோசம். 2017 அக்டோபரில் பணத்தைக் கணக்கில் போட்டார்கள். மக்கள் அதை எடுத்துப் போய் அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். முன்பு ஒரு ரூபாய். வங்கிக்குப் போய்ப் பணம் வந்ததா என்று பார்த்து, சேவை மையத்தில் எடுத்து, கடைக்கு வந்து என்று ஒரு மாத ரேஷனுக்குச் சராசரியாக 12 மணி நேரம் அலைந்ததாகக் கள ஆய்வு சொன்னது. 97 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2018 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. இது பணத் திட்டமும் இல்லை, அரிசித் திட்டமும் இல்லை. இரண்டின் கஷ்டமும் சேர்ந்த ஒன்று. பணத்தை எதிர்ப்பவர்கள் நாக்ரியை மட்டுமே காட்டுவது சரியில்லை என்றும் நினைக்கிறேன். புதுச்சேரிதான் நியாயமான உரைகல்.

கர்நாடகத்தில் பணம் வேறு காரணத்துக்காக வந்தது. 2023இல் கூடுதலாக ஐந்து கிலோ அரிசி தருவதாக வாக்குக் கொடுத்துக் காங்கிரஸ்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். இந்திய உணவுக் கழகம் மாநிலங்களுக்கு விற்பதை நிறுத்தியதால் அரிசி கிடைக்கவில்லை. கிலோவுக்கு 34 என்று தலைக்கு 170 ரூபாய் கணக்கில் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் மத்திய அரசின் அரிசி குறைந்த விலைக்குக் கிடைத்ததும் அரிசிக்கே திரும்பினார்கள். அவசரத்துக்குப் பணம் கைகொடுத்தது. நிரந்தர ஏற்பாடாக அவர்களே அதை வைத்துக்கொள்ளவில்லை.

பண வழியில் தவறு விழுவது இரண்டு இடங்களில். கணக்கு, ஆதார் இணைப்பு, பாஸ்புக் என்று தடுமாறுபவர் தலையில் ஒன்று. விலை ஏறும்போது எல்லோர் தலையிலும் மற்றொன்று. இரண்டாவது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அரிசியாகக் கொடுத்தால் விலையேற்றத்தை அரசு சுமக்கிறது. பணமாகக் கொடுத்தால் குடும்பம் சுமக்கிறது. தொகையை உயர்த்த ஒவ்வொரு முறையும் ஓர் அரசாணை வேண்டும். அது எப்போது வரும் என்பது நிதித் துறையின் மனநிலையைப் பொறுத்தது. தவிர, லட்சக்கணக்கான டன் அரிசி கடை வழியே போவதால்தான் வெளிச்சந்தையில் சாதா அரிசியின் விலை கொஞ்சமாவது அடங்கியிருக்கிறது. அதை நிறுத்தினால் ரேஷன் வாங்காதவருக்கும் விலை ஏறும்.

எதை எடுப்பது

தமிழ்நாட்டுக்கு என்றால், முதல் வழியிலேயே தொடர வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் இருக்கிறபடியே அல்ல.

முதலில், பொங்கல் பரிசு போன்ற தொகைகளை அரிசி அட்டையிலிருந்து கழற்ற வேண்டும். அரிசி வேண்டாம் என்று சொன்னால் வேறு எதையும் இழக்க மாட்டோம் என்ற உறுதி இருந்தால்தான் வசதியான குடும்பம் ஒதுங்கும். ஒதுங்கியவர் மனம் மாறினால் அடுத்த மாதமே கேள்வி கேட்காமல் திரும்பச் சேர்க்க வேண்டும். வேலை போன மாதத்தில் வழங்கல் அலுவலகத்தில் மனுவோடு நிற்க வைத்தால் யாரும் அட்டையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இதனால் கசிவின் பெரும்பகுதி தானாக அடைபடும். வராத ஆளின் பெயரில் பில் போட அட்டையே இருக்காது.

அடுத்தது கைரேகை. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை வந்ததோடு விரல் வைப்பது வழக்கமானது. கள்ள பில்லுக்கு அது ஓரளவு தடைதான். ஆனால் ரேகை தேய்ந்த பாட்டிக்கும், சாந்து குழைத்துக் குழைத்து விரல் வெடித்த சித்தாளுக்கும் மெஷின் மூன்று முறை மறுத்தால் நாலாவது முறை ‘நாளைக்கு வாம்மா’ என்பார்கள். கருவிழிக் கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவை எல்லாக் கடைக்கும் வரும் வரை பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்கும் அதிகாரம் விற்பனையாளரிடம் இருக்க வேண்டும், அதற்காக அவர் மேல் மெமோ வரக் கூடாது.

அரிசியின் தரம் பற்றியும், கடையில் என்னென்ன பொருள் தர வேண்டும் என்பது பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பருப்பின் அளவைக் கூட்டி அரிசியின் அளவைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பை அட்டைதாரருக்குத் தரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பணமாகக் கேட்பவர் கேட்கும் சுதந்திரத்தில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

புதுச்சேரி போன்ற இடத்தில் பணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கடையைத் திறந்து வைத்துவிட்டு, அரிசியா பணமா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். பணம் என்றால் தொகை உள்ளூர்ச் சில்லறை விலையைப் பார்த்து, தானாக, காலாண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். அரசாணைக்குக் காத்திருக்கக் கூடாது. இதில் கடைக்குச் சிரமம் உண்டு, எத்தனை மூட்டை வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாற்றலாம் என்பது அதற்காகத்தான். தனியார் டீலர்கள் பாதியைத் தின்னும் மாநிலத்தில் பணம் நல்லதா என்று கேட்டால், முதலில் சத்தீஸ்கர் செய்தது போலக் கடையைப் பிடுங்கிப் பாருங்கள் என்பேன். அது முடியாவிட்டால் பணம் மேல்.

என் முடிவு மாற வேண்டுமானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளின் கசிவு 12 சதவீதத்திலிருந்து முப்பது, நாற்பது என்று ஏறி, மேலே சொன்ன திருத்தங்களுக்குப் பிறகும் இறங்காமல் இருக்க வேண்டும். அல்லது, விலையோடு சேர்ந்து தானாக உயரும் தொகையை ஏதாவது ஒரு மாநிலம் தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் தவறாமல் கொடுத்துக் காட்ட வேண்டும். முதலாவதைச் சரிபார்க்கப் புதிய நுகர்வுக் கணக்கெடுப்புகள் வந்துவிட்டன. அந்தத் தரவை வைத்து மாநில அரசே ஆண்டுதோறும் கசிவைக் கணக்கிட்டுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் வெளியிடலாம். இரண்டாவதை இதுவரை யாரும் செய்யவில்லை.